காந்தலும் கதகதப்பும்

சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் பழனியில் அக்னி நட்சத்திரத் திருவிழா. வெயில் உச்சத்தில் நிற்கும் அந்தப் பதினான்கு நாளும் காலையிலும் மாலையிலும் மலையைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாகக் கிரிவலம் வருகிறார்கள். பெண்கள் கடம்பப் பூவைத் தலையில் செருகியிருப்பார்கள். யார் காலிலும் செருப்பு இருக்காது. வெயில் ஏறுவதற்குள் சுற்றி முடித்தவர்கள் பிழைத்தார்கள். பிள்ளைக்கு முடி இறக்கக் காத்திருந்து, பதினொரு மணிக்குக் கருங்கல் தளத்தில் கால் வைப்பவர்களின் நடையைத்தான் கவனிக்க வேண்டும். குதிகால் தரையில் படாது. விரல் நுனியில் ஓட்டம். தென்னை நார் விரிப்பு வந்ததும் நடை நிதானத்துக்கு வருகிறது. மண்டப நிழலை எட்டியதும் ஒரு ‘அப்பாடா’.

அந்த இருபது முப்பது அடிக்குள் உள்ளங்கால் மூன்று சேதிகளை மேலே அனுப்பிவிட்டது. நாம் அவற்றை ஒரே சேதியின் கூடுதல் குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம்: கல் ரொம்பச் சூடு, விரிப்பு கொஞ்சம் சூடு, நிழல் சூடில்லை. வெப்பமானியில் பாதரசம் ஏறி இறங்குவதுபோல ஒரே கோட்டில் இவை இருப்பதாக நினைப்பு. தோலுக்குள் அப்படி ஒரே கோடு கிடையாது. சுடுவதைச் சொல்ல ஒரு கூட்டம் நரம்புகள், குளிர்வதைச் சொல்ல இன்னொரு கூட்டம், கதகதப்பைச் சொல்ல வேறொரு ஏற்பாடு. இந்த மூன்றில் கதகதப்புதான் மிகச் சாதாரணமான உணர்வு. ஆராய்ச்சியாளர்களிடம் கடைசியில் பிடிபட்டதும், இன்னும் முழுதாகப் பிடிபடாததும் அதுவே.

2021-இல் மருத்துவ நோபல் பரிசு அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸுக்கும், பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியரான ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் கிடைத்தபோது, ‘வெப்பத்தை நாம் எப்படி உணர்கிறோம் என்பது தெரிந்துவிட்டது’ என்ற தொனியில் செய்திகள் வந்தன. அதில் பாதி சரி. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தோல் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். தைப்பூசத்துக்கு நடந்து வருபவர்கள் விடியற்காலையில் சண்முக நதியில் இறங்கும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதாகச் சொல்வார்கள். அதே நதியில் மதியம் இறங்கினால் சில்லென்று இருக்கும். நதி மாறியதைவிடத் தோல் மாறியதுதான் அதிகம். இரவெல்லாம் பனிக்காற்றில் நடந்து குளிர்ந்த காலுக்கு நதி சூடு. வெயிலில் காய்ந்த காலுக்கு அதே நதி குளிர்ச்சி. உடலுக்குள் 37 டிகிரி என்றாலும் தோலின் மேற்பரப்பு சாதாரணமாக 32, 33 டிகிரியில்தான் இருக்கும். நரம்பு முனைகள் கவனிப்பது தாம் புதைந்திருக்கும் அந்தத் தோலின் வெப்பநிலையையும், அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும்தான். வெளியே இருக்கும் பொருளின் வெப்பநிலை அவற்றுக்கு நேரடியாகத் தெரியவே தெரியாது.

கருங்கல்லுக்கும் நார் விரிப்புக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். இரண்டும் ஒரே வெயிலில் கிடந்து 60 டிகிரிக்கு ஏறியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கல்லிடம் வெப்பம் நிறைய இருக்கிறது, அதை வேகமாகக் கைமாற்றவும் தெரியும். கால் பட்ட கணத்தில் கல்லும் தோலும் சேருமிடம், இயற்பியல் கணக்குப்படி, 50 டிகிரியைத் தாண்டிவிடும். நார் விரிப்போ பெரும்பாலும் காற்று. கொடுக்க அதனிடம் அதிகம் இல்லை. அங்கே சேருமிடம் 35, 36 டிகிரியிலேயே நின்றுவிடும். திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் பூக்குழி இறங்குபவர்களின் காலைக் காப்பாற்றும் இயற்பியலும் பெரும்பாலும் இதுவே: சாம்பல் மூடிய கங்கு பல நூறு டிகிரியில் இருந்தாலும் வெப்பத்தைக் கைமாற்றுவதில் மந்தம், காலும் ஒரு கணத்துக்கு மேல் அங்கே நிற்பதில்லை. பக்திக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல வரவில்லை. நிற்காமல் நடக்கும் மனத்தெம்பு வேறு எங்கிருந்து வரும்?

இனி நரம்புக்கு வருவோம். 1880-களில் ஸ்வீடனின் உப்சாலா நகரில் மேக்னஸ் பிலிக்ஸ் என்ற உடலியங்கியல் அறிஞர், கூர்மையான உலோக முனையைச் சூடாக்கியும் குளிரவைத்தும் தோலின் மேல் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்தார். சில புள்ளிகள் குளிர்ச்சியை மட்டும் சொல்லின, சில வெம்மையை மட்டும். இரண்டையும் சொல்லும் புள்ளி அகப்படவில்லை. குளிர்ப் புள்ளிகளே எண்ணிக்கையில் அதிகம். வெம்மைப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைத்தன. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஃபிரே இன்னொரு வினோதத்தைக் கண்டார். நன்றாகச் சுடும் முனையால் ஒரு குளிர்ப் புள்ளியைத் தொட்டால், தொடப்பட்டவருக்குக் குளிர்கிறது! அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரைத் தெரியாமல் மேலே ஊற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு முதல் கணத்தில் சிலிர்த்ததே, அந்த வகை. தந்தி எந்தக் கம்பியில் வந்தது என்பதை வைத்துத்தான் மூளை படிக்கிறது. தந்தியில் வேறு எதுவும் எழுதியிருப்பதில்லை.

கம்பிகளிலும் வேகமானது, மெதுவானது உண்டு. வலியைச் சொல்லும் நரம்பிழைகளில் மெல்லிய உறை போட்டவை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை சேதி கடத்தும். உறையில்லாத இழைகளின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர், அதாவது நம் நடை வேகம். உள்ளங்காலிலிருந்து இடுப்புக்கு மேலே தண்டுவடம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். ஆகவே கல்லில் கால் வைத்ததும் முதலில் ஒரு ‘சுள்’. கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது. அதன் பிறகு, கால் காற்றில் இருக்கும்போதோ அடுத்த அடி வைத்த பிறகோ, அந்தப் பரவலான காந்தல் வந்து சேர்கிறது. சுள்ளென்றதையும் காந்துவதையும் தனித்தனிச் சொல்லில் வைத்திருக்கும் மொழிக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகாது. கதகதப்பும் இந்த மெதுவான, உறையில்லாத இழைகளில்தான் பயணப்படுகிறது.

ஆனால் இழையின் முனையில், தோலுக்குள், வெப்பம் என்ற அசைவு மின்சாரத் துடிப்பாக மாறுவது எப்படி? நூறு ஆண்டுக்கும் மேல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பதில் கடைசியில் மிளகாய் வழியாக வந்தது.

ஒட்டன்சத்திரம் சந்தையில் மிளகாய் மூட்டை பிரிப்பவர்களையோ, வீட்டில் வற்றல் கிள்ளுகிறவர்களையோ கேட்டால் கை ‘காந்துது’ என்பார்கள். சுடு பாத்திரத்தைத் தொட்டுக் கை கன்றினாலும் ‘காந்துது’தான். மிளகாயில் வெப்பம் எதுவும் இல்லை; வெப்பமானியை அதற்குள் செருகினால் அறையின் வெப்பநிலையைத்தான் காட்டும். பிறகு ஏன் ஒரே சொல்? சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸின் குழு 1990-களில் கேட்டதும் ஏறக்குறைய இதையே. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நரம்பில் எந்தப் பூட்டைத் திறக்கிறது?

அவர்கள் தேடிய முறை பொறுமையைச் சோதிப்பது. எலி வகை விலங்குகளின் உணர்வு நரம்புச் செல்களில் இயங்கும் ஜீன்களைத் துண்டு துண்டாகத் திரட்டி, காரம் தெரியாத சாதாரணச் செல்களுக்குள் தொகுதி தொகுதியாகச் செலுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் கேப்சைசினைச் சேர்த்து, எந்தச் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து சாயம் ஒளிர்கிறது என்று பார்த்தார்கள். ஒளிர்ந்த தொகுதியைப் பிரித்து, அதையும் பிரித்து, கடைசியில் ஒரே ஒரு ஜீனில் வந்து நின்றார்கள். மைக்கேல் காட்டரினா உள்ளிட்ட அந்தக் குழு 1997-இல் அதை வெளியிட்டது. அந்த ஜீன் உருவாக்கும் புரதம் உள்ள செல்லைக் கேப்சைசின் இல்லாமல் வெறுமனே சூடாக்கிப் பார்த்தபோது, 43 டிகிரியை ஒட்டி அதே கதவு தானாகத் திறந்தது. காந்தல் என்ற சொல்லுக்குள் நம் முன்னோர் சேர்த்துவைத்த இரண்டும் ஒரே புரதத்தின் வேலை. இன்று அதன் பெயர் டிஆர்பிவி1.

அதன் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. சவ்வுக்கு வெளியே சோடியம், கால்சியம் அயனிகள் மிகுதி, உள்ளே குறைவு, உட்புறம் மின்னழுத்தத்திலும் தாழ்ந்திருக்கும். வழி கிடைத்தால் அயனிகள் உள்ளே பாயும். டிஆர்பிவி1 அந்தச் சவ்வில் குத்திட்டு நிற்கும் ஒரு வாயில். எண்ணூறு சொச்சம் அமினோ அமிலங்களைக் கோத்த புரதச் சங்கிலிகள் நான்கு, ஒன்றையொன்று தோள் தொட்டு வட்டமாக நிற்கின்றன; நடுவில் ஒரு துளை. சாதாரண நிலையில் துளை இறுகி மூடியிருக்கும். வெப்பம் ஏறும்போது நான்கும் சற்றே வளைந்து விலகுகின்றன. துளை திறக்கிறது, அயனிகள் பாய்கின்றன, உட்புற மின்னழுத்தம் உயர்கிறது, அது ஓர் எல்லையைத் தாண்டியதும் நரம்பில் துடிப்பு கிளம்புகிறது. வெப்பம் சேதியாகும் இடம் இதுதான்.

எல்லாப் புரதமும் சூட்டில் கொஞ்சம் அசையத்தானே செய்யும், இதற்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. உடம்பின் பெரும்பாலான வேதிவேலைகள் பத்து டிகிரி ஏறினால் இரண்டு மூன்று மடங்கு வேகமாகும். டிஆர்பிவி1 வழியே பாயும் மின்னோட்டம் அதே பத்து டிகிரிக்கு இருபது மடங்குக்கும் மேல் எகிறுகிறது. இரும்புக் கம்பி சூட்டில் சிறிது சிறிதாக நீள்வதைப் போன்றதல்ல இது. நெய் உருகுவதற்குத்தான் நெருக்கம். மார்கழிக் காலையில் கிண்ணத்தில் உறைந்திருக்கும் நெய், வெயில் ஏறியதும் சில டிகிரி இடைவெளிக்குள் முழுக்க வழிகிறது. இந்த உவமையை இங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். புரதம் உருகுவதில்லை, குளிர்ந்ததும் மூடிக்கொள்கிறது. அதன் எந்த உறுப்பு வெப்பத்தை ‘உணர்கிறது’ என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்துப் பேசவில்லை. ஒரே இடத்தில் வெப்பமானி எதுவும் செருகப்படவில்லை, புரதம் முழுவதும் பரவிய மாற்றம் அது என்று வாதிடுபவர்கள் உண்டு.

கேப்சைசின் செய்வது ஒரு குறுக்குவழி. புரதத்தின் பக்கவாட்டில், சவ்வுக்குள் மறைந்திருக்கும் ஒரு பொந்தில் சாதாரணமாக ஒரு கொழுப்பு மூலக்கூறு குடியிருக்கிறது. கேப்சைசின் அதை வெளியேற்றிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பின் வாயில் திறக்க 43 டிகிரி வேண்டியதில்லை. நாக்கின் சொந்தச் சூடே போதும். மூளைக்குப் போகும் தந்தியில் ‘மிளகாய்’ என்றா எழுதியிருக்கும்? ‘வேகிறது’ என்பதுதான் போய்ச் சேர்கிறது. உடனே வியர்வை. காரக்குழம்பு சாப்பிட்டு நெற்றி துடைப்பவர் இல்லாத தீயை அணைத்துக்கொண்டிருக்கிறார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும் என்பதால் தண்ணீர்ச் செம்பு உதவாது. மோருக்கும், கையென்றால் தேங்காய் எண்ணெய்க்கும் வேலை உண்டு.

மிளகாய் நமக்கு வந்து ஐந்நூறு ஆண்டுதான் ஆகிறது. அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. வந்த காயைப் பார்த்துத் தமிழர் அதற்கு மிளகின் பெயரையே ஒட்டிவிட்டார்கள். மிளகின் காரப்பொருளான பைப்பரினும் டிஆர்பிவி1-ஐத்தான் திறக்கிறது என்று 2005-இல் தெரியவந்தது. இரண்டும் உறவே இல்லாத செடிகள். பொதுவாக இருப்பது நம் நாக்கிலுள்ள அந்த ஒரு வாயில் மட்டும். பெயர் வைத்தவர்கள் செடியைப் பார்த்து வைக்கவில்லை, நாக்கைக் கேட்டு வைத்திருக்கிறார்கள். பறவைகளுக்கு இந்த வாயில் உண்டு, வெப்பத்துக்குத் திறக்கவும் செய்யும். கேப்சைசின் உட்காரும் பொந்து மட்டும் சற்றே வேறு. ஜூலியஸ் குழு 2002-இல் கோழியின் புரதத்தை எடுத்து இதைக் காட்டியது. கிளி மிளகாயைக் கொறிப்பது வீரமில்லை என்று அர்த்தம். மயில் கோழியின் குடும்பம்தான். பழனி முருகனின் வாகனத்துக்கும் காரம் தெரியாது என்று நம்பலாம்.

43 என்ற எண்ணும் காரணமில்லாமல் வந்ததல்ல. 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தோல் எப்போது வேகும் என்று அளந்தார்கள். 44 டிகிரியில் சில மணி நேரம் வைத்திருந்தால் தோல் கெடும். 60 டிகிரியில் சில விநாடிகளே போதும். அதாவது கேடு தொடங்கும் எல்லையில்தான் இந்த வாயிலும் திறக்கிறது. தேவைப்பட்டால் எல்லை கீழேயும் இறங்கும். வீங்கிக் கன்றிய தோலில் சுரக்கும் அமிலமும் பிற பொருள்களும் வாயிலை இளக்கிவிடுகின்றன. புதிதாக மொட்டை போட்ட தலையை நாள் முழுதும் வெயிலில் காட்டிவிட்டு, மறுநாள் வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் உச்சி காந்துகிறதே, அதன் காரணம் இதுதான். இன்னொரு பக்கம், பாலைவன வாழ்வுக்குப் பழகிய இரட்டைத் திமில் ஒட்டகத்தின் டிஆர்பிவி1 இந்தச் சூட்டுக்கு அவ்வளவாக அசைவதில்லை என்று 2016-இல் காட்டினார்கள். ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதன் விளைவு. மேலும் காவலுக்கு இது தனியாள் இல்லை. இந்த ஜீனை நீக்கிய எலிகளும் சுட்டால் காலை இழுத்தன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 2018-இல் இதோடு இன்னும் இரண்டு ஜீன்களையும் சேர்த்து நீக்கிய பிறகுதான் இழுப்பது நின்றது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, முக்கியமான குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இது அபாய மணியின் கதை. 43 டிகிரிக்கு ஒலிக்கும் மணி, 36 டிகிரி விரிப்பில் ஒலிப்பதில்லை. ஆனாலும் விரிப்பு வெதுவெதுப்பாக இருப்பது காலுக்குத் தெரிகிறது. மணி மெதுவாக அடித்தால் கதகதப்பு, பலமாக அடித்தால் காந்தல் என்று கொள்வதற்கு இடமே இல்லை. கதகதப்பின்போது அந்த மணி அடிப்பதே இல்லை. அப்படியென்றால் சொல்வது யார்?

விடைக்குப் போகும் வழியில் குளிர்ச்சியைக் கடக்க வேண்டும். மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசாமல் பழனியிலிருந்து திரும்பும் பிள்ளை உண்டா? அந்தக் குளிர்ச்சி நிஜமானது: சந்தனக் குழம்பிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உச்சியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. தோல் உண்மையாகவே சில டிகிரி குளிர்கிறது. புதினா மிட்டாயின் குளிர்ச்சியோ, தலைவலித் தைலத்தின் குளிர்ச்சியோ அப்படிப்பட்டதல்ல. அவற்றிலுள்ள மெந்தால், குளிருக்கென்று இருக்கும் இன்னொரு வாயிலைப் பிடித்துத் திறக்கிறது. 2002-இல் ஜூலியஸ் குழுவும் பட்டபூட்டியன் குழுவும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன: டிஆர்பிஎம்8. தோல் குளிரக் குளிர அது திறந்துகொள்கிறது. மிளகாய் இல்லாத தீயைக் காட்டுவதுபோல, மெந்தால் இல்லாத பனியைக் காட்டுகிறது. சந்தனம் எதையும் காட்டுவதில்லை, குளிரவைத்துவிட்டுப் போகிறது.

கதகதப்பின் வாயிலுக்குப் பல வேட்பாளர்கள் வந்தார்கள். 2002-இல் தோலின் மேற்புறச் செல்களில், நரம்பில் அல்ல, டிஆர்பிவி3 என்ற புரதம் கிடைத்தது. 33 டிகிரிக்கு மேல் இதமான சூட்டில் அது திறந்தது. சூடமும் அதைத் திறந்தது. தேய்த்தால் வெம்மை பரவும் பழைய வலித்தைலங்களில் கற்பூரம் இருப்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டதாக உற்சாகம். 2005-இல் பட்டபூட்டியன் குழு, அந்த ஜீன் இல்லாத எலிகள் வெதுவெதுப்பான இடத்தைத் தேடிப்போவதில் தடுமாறுவதாகக் காட்டியது. ஆனால் பிற்காலத்தில் வேறு எலி வம்சங்களில் செய்த சோதனைகளில் அந்தத் தடுமாற்றம் மங்கிவிட்டது. 2016-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் டான், மெக்நாட்டன் இருவரும் டிஆர்பிஎம்2 என்ற இன்னொன்றை முன்வைத்தார்கள். 33 டிகிரித் தளம், 38 டிகிரித் தளம் என்று இரண்டு வைத்தால் சாதாரண எலி 33-ஐத் தேர்ந்துகொள்ளும். இந்த ஜீன் இல்லாத எலிக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இந்தக் கதையில் பெரிய திருப்பம் 2020-இல் பெர்லினில் நடந்தது. மாக்ஸ் டெல்ப்ரூக் மையத்தில் கேரி லூவின், ஜேம்ஸ் பூலட் ஆகியோரின் குழு, முன்னங்கால் லேசாகச் சூடானால் தண்ணீர்க் குழாயை நக்கும்படி எலிகளைப் பழக்கியது. ஒரே ஒரு டிகிரி ஏறினாலே எலிகள் கண்டுபிடித்தன. பிறகு ஒவ்வொரு ஜீனாக நீக்கிப் பார்த்தார்கள். கதகதப்பை அறவே உணராமல் போன எலிகள் எவை தெரியுமா? குளிரின் வாயிலான டிஆர்பிஎம்8 இல்லாதவை.

முதல் பார்வைக்கு இது அபத்தம். நரம்புகளில் மின்முனை வைத்துக் கேட்டபோது விளங்கியது. குளிரைச் சொல்லும் இழைகளில் ஒரு வகை, தோல் வழக்கமான 32 டிகிரியில் இருக்கும்போதே ஓயாமல் மெதுவாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. தோல் சற்றுச் சூடானதும் அந்தத் துடிப்பு அடங்குகிறது. வெம்மைக்குத் துடிப்பைக் கூட்டும் இழைகள் இருக்கவே இருக்கின்றன. ஆனால் அவை சூடு ஏற ஏற, சுடும் எல்லையிலும்கூடத் துடிப்பவை. ஒரு கூட்டம் பேசத் தொடங்குவதும், அதே நேரத்தில் இன்னொரு கூட்டம் வாய் மூடுவதும் சேர்ந்தால்தான் மூளை அதை ‘இதமான வெம்மை’ என்று படிக்கிறது. டிஆர்பிஎம்8 இல்லாத எலியில் அந்த முணுமுணுப்பு முதலிலேயே கிடையாது. பேச்சே இல்லாத இடத்தில் மௌனத்தை எப்படிக் கவனிப்பது? இந்த முடிவு எலிகளில் கிடைத்தது. நம் தோலிலும் அப்படியே நடக்கிறது என்று அடித்துச் சொல்ல இன்னும் வேலை பாக்கி.

கதகதப்பு எவ்வளவு நுட்பமானது என்று பார்க்கச் சோதனைக்கூடம் வேண்டியதில்லை. தீபாராதனைத் தட்டு அருகில் வரும்போது கையைச் சுடரின் மேல் ஒரு கணம் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அந்தக் கணத்தில் உள்ளங்கைத் தோல் ஏறியது ஓரிரு டிகிரி இருந்தால் அதிகம். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டுத் தோல் 0.2 டிகிரி ஏறினாலே சொல்லிவிடும். கையைக் கொஞ்சம் தாழ்த்தினால் அபாய மணி. நாம் யாரும் அளந்து பார்க்காமலே இரண்டுக்கும் இடையில் கையை நிறுத்துகிறோம். இதே சூட்டை உள்ளங்காலுக்குக் காட்டினால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. கால் அவ்வளவு மந்தம். வயது ஏற ஏற இன்னும் மந்தம்.

அந்த மந்தம் நோயாகும்போது என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு நெருக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது. தொழுநோயில் தேமல் விழுந்த இடத்தில் முதலில் கெடுபவற்றில் ஒன்று இந்த வெப்ப உணர்வு. வெந்நீர் நிரப்பிய சோதனைக்குழாய் ஒன்று, குளிர்ந்த நீர் நிரப்பியது ஒன்று வைத்து மருத்துவர்கள் தொட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் குட்டையாவது நோய்க்கிருமி தின்பதால் என்ற நம்பிக்கையைச் சந்தேகித்தார். சுடுவது தெரியாமல் பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள். மணி அடிக்காத வீட்டில் சின்னச் சின்னத் தீ எல்லாம் பெருந்தீயாகிறது என்று காட்டினார். இன்று அதே நிலைக்குப் பலரைக் கொண்டுபோவது சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது உறையில்லாத, மெல்லிய, நீளமான இழைகள் முதலில் அடிவாங்குகின்றன. மிக நீளமான இழை எங்கே போகிறது? உள்ளங்காலுக்கு.

எனவே பதினொரு மணிக் கல்லில் பேரன் குதிக்க, பின்னால் ஓர் அப்பத்தா சாவகாசமாக நடந்து வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ‘அப்பத்தாவுக்குப் பழகுன காலு’ என்று பேரன் சொல்வது உண்மையாக இருக்கலாம். செருப்பில்லாமல் வயலில் நடந்த பாதத்தில் தோல் தடித்து, சூடு உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். அல்லது இழைகள் ஓய்ந்திருக்கலாம். காய்ப்பு உள்ளங்காலில்தான் உண்டு, பாதத்தின் மேற்புறத்தில் இல்லை. ஆகவே குளிக்கும் பதத்தில் வெந்நீர் ஊற்றிய சில்வர் டம்ளரை அவருடைய முழங்கையிலும் பிறகு பாதத்தின் மேற்புறத்திலும் வைத்து, இரண்டும் ஒன்றுபோல் தெரிகிறதா என்று கேட்கலாம். சூட்டை முதலில் கேட்பவர் தன் கையில் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதத்தில் டம்ளர் இருப்பது தெரிந்து, சூடு தெரியவில்லை என்றால் காய்ப்பின் மேல் பழி போட முடியாது. அடுத்த முறை அவர் விடியற்காலையிலேயே சுற்றி வரட்டும். அன்று இரவு மண்டபத்தில் கால் கழுவிய பிறகு, செல்போன் வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்கால்களையும் விரலிடுக்கு வரை பேரன் பார்த்துவிட வேண்டும். வலிக்காத கொப்புளம் ஒன்று இருந்தாலும், மறுநாள் காலை மருத்துவமனை. ஊருக்குப் பஸ் ஏறுவது அதற்கப்புறம்.